ரெசிஃபியில் பிரெனான்டின் மண் பட்டறை: எப்படிப் போவது, எதைப் பார்ப்பது

பிரேசிலுக்கு வேலையாகப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: ரெசிஃபி நகரில் ஒன்றரை நாள் ஓய்வு கிடைக்கிறது. ஊருக்கு வெளியே காட்டோரம் இருக்கும் சிற்பி பிரான்சிஸ்கோ பிரெனான்டின் செராமிக் பட்டறைக்கு அரை நாளைச் செலவிடலாமா, கடற்கரையிலேயே இருந்துவிடலாமா? போனால் எப்படிப் பார்ப்பது?

தயங்காமல் போங்கள். கடற்கரை பிரேசிலில் எங்கும் கிடைக்கும். ஒரு சிற்பி பாழடைந்த ஆலை ஒன்றை எடுத்து, ஐம்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் அதற்குள்ளேயே வேலை செய்து, கூடம், முற்றம், மதில், தோட்டம் எல்லாவற்றையும் ஒரே படைப்பாக ஆக்கிவிட்டுப் போன இடம் உலகில் அதிகம் இல்லை. ஆனால் இங்கே ஒரு மணி நேரம் சுற்றி நாற்பது படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு 'விநோதமான பொம்மைகள்' என்பதற்கு மேல் எதுவும் மிஞ்சாது. மண் எப்படி இந்த உருவமானது என்பது கொஞ்சமாவது தெரிந்து போனால்தான் இந்த இடம் பேசும். ஆகவே வழி சொல்வதோடு அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் கதை. 1917-இல் பிரெனான்டின் தந்தை ரெசிஃபியின் மேற்குப் புறத்தில், வார்ஸியா பகுதியில், கப்பிபரிபி ஆற்றுப் பக்கம் செங்கலும் ஓடும் செய்யும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். சாவோ ஜோவாவ் செராமிக் ஆலை என்று பெயர். பழைய கரும்பு ஆலைக் குடும்பத்து நிலம் அது. பின்னாளில் ஆலை நின்றுபோய் இடிபாடானது. 1927-இல் பிறந்த மகன் பிரான்சிஸ்கோ ஓவியராகத்தான் தொடங்கினார். செராமிக்கை அலங்காரக் கைவேலை என்றே நினைத்திருந்தவர், 1949-இல் பாரிஸ் போனபோது பிக்காஸோவின் செராமிக் படைப்புகளைப் பார்த்து மனம் மாறினார். 1950-களின் தொடக்கத்தில் இத்தாலியின் டெரூட்டாவில், மயோலிகா எனப்படும் வண்ண மெருகுப் பாண்டங்களுக்குப் பேர்போன ஊரில், தொழிலைக் கற்றார். 1971-இல் தந்தையின் இடிந்த ஆலைக்குத் திரும்பி அதைச் சீரமைக்கத் தொடங்கியவர், 2019 டிசம்பரில் 92 வயதில் இறக்கும் வரை நிறுத்தவில்லை. அதே 2019-இல் பட்டறை லாப நோக்கமற்ற நிறுவனமாக மாற்றப்பட்டு, இன்று அந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு சின்ன இணைப்பு உண்டு. அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் காலத்தில் நம்மிடையே அதிகம் பேசப்பட்ட கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே இதே ரெசிஃபியில் பிறந்தவர். 1960-களின் தொடக்கத்தில் அவருடைய எழுத்தறிவு வகுப்புகளில் காட்டிப் பேசவைப்பதற்கான படங்களை வரைந்து கொடுத்தவர் பிரெனான்ட். 1964 ராணுவப் புரட்சிக்குப் பின் அந்தப் படங்கள் பறிமுதலாகிவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு மாநில ஆளுநர் மிகேல் அரைஸின் அரசில் பிரெனான்ட் உயர் பொறுப்பு ஒன்றிலும் இருந்தார். பட்டறையின் கோயில்களையும் தொன்மங்களையும் மட்டும் பார்த்து, இவர் ஊர் உலகத்தை விட்டு ஒதுங்கிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி, போகும் வழி. இதில் பலரும் இடறும் ஓர் இடம் உண்டு. வார்ஸியாவிலேயே இன்னொரு 'பிரெனான்ட்' இருக்கிறது. சிற்பியின் ஒன்றுவிட்ட சகோதரர் ரிக்கார்டோ பிரெனான்ட் 2002-இல் திறந்த அருங்காட்சியகம் அது. கோட்டை மாதிரிக் கட்டடங்கள், வாள், கவசம், 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் போஸ்ட்டின் ஓவியங்கள் என்று அதன் உலகமே வேறு. டாக்சிக்காரரிடம் 'பிரெனான்ட்' என்று மட்டும் சொன்னால் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட வாய்ப்புண்டு. 'ஓஃபிசினா பிரெனான்ட்' அல்லது 'ஓஃபிசினா பிரான்சிஸ்கோ பிரெனான்ட்' என்று சொல்லுங்கள், ஓஃபிசினா என்றால் பட்டறை. செயலியில் வண்டி அழைத்தாலும் சேருமிடத்தில் 'ஓஃபிசினா' என்ற சொல் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இரண்டுக்கும் நடுவே வண்டியில்தான் போக முடியும், நடந்து கடக்கும் தூரம் இல்லை.

பயணிகள் பெரும்பாலும் தங்கும் போவா வியாஜெம் கடற்கரை ஊரின் தெற்கே இருக்கிறது, பட்டறை மேற்கே. நெரிசல் இல்லாத நேரத்தில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். காலையிலும் மாலையிலும் அலுவலக நேரத்தில் அது இரட்டிப்பாகும். நகரப் பேருந்து வார்ஸியா குடியிருப்பு வரைக்கும் போகும். அதற்கு அப்பால் பட்டறை வரை உள்ள காட்டுச் சாலையில் நடப்பது நல்லதல்ல. ஆளரவம் குறைவு, நிழலுக்குக் கீழேயும் புழுக்கம், வழி கேட்க யாரும் இல்லை. போக வண்டி எளிதாகக் கிடைத்துவிடும். திரும்பத்தான் சிரமம். மரங்களுக்கு நடுவே கைபேசி இணைப்பு தடுமாறும், ஊருக்குள் சவாரி எடுக்கும் ஓட்டுநர்கள் இவ்வளவு தூரம் வரத் தயங்குவார்கள். கொண்டுவந்து விட்ட ஓட்டுநரிடமே திரும்பும் நேரத்தைப் பேசி வைப்பதுதான் நிம்மதி. இல்லையென்றால் மூடும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே வரவேற்பு மேசையில் சொல்லி வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மூடிய பிறகு வாசலில் நின்று தேடும் நிலை வரக்கூடாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஐந்தரை ஐந்தே முக்காலுக்குள் இருட்டத் தொடங்கிவிடும்.

பிரேசிலின் பெரும்பாலான அருங்காட்சியகங்களைப் போலத் திங்கள்கிழமையை விட்டுவிடுங்கள். நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டிருப்பவை, போவதற்கு முந்தைய நாள் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ரெசிஃபியில் ஏப்ரல் முதல் ஜூலை வரை கடும் மழை. இங்கே பாதிப் படைப்புகள் திறந்த வெளியில் இருப்பதால் மழை நாளில் பாதி இடம்தான் கிடைக்கும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் உறுதி. தொப்பி, ஒரு லிட்டர் தண்ணீர், கொசு விரட்டிக் களிம்பு மூன்றும் கட்டாயம். டெங்கு உள்ள ஊர், பக்கத்தில் ஆறு, வளாகத்துக்குள்ளேயே குளங்கள். வழுக்காத அடியுள்ள மூடிய காலணி போடுங்கள். மெருகிட்ட ஓடு பதித்த தரையில் ஈரம் பட்டால் செருப்பு வழுக்கும்.

குறைந்தது மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் திறந்தவுடன் போய், வெயில் ஏறுமுன் திறந்த முற்றங்களையும் தோட்டத்தையும் முடியுங்கள். உச்சி வெயிலில் கூரைக்கடியில் இருக்கும் சிற்பக் கூடத்துக்குப் போங்கள், ஓவியங்களைக் கடைசியில் வையுங்கள். வெயிலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மெருகுப் பூச்சின் நிறம் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். உச்சி வெயிலில் எல்லாமே வெள்ளைப் பளபளப்பாகி, பழுப்புக்குள் இருக்கும் பச்சையும் நீலமும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

திறந்த வெளியில் முதலில் நிற்க வேண்டிய இடம் நடுக் கோயில். குவிமாடத்துக்குக் கீழே ஒரு முட்டை. எல்லாம் தொடங்கிய ஆதி முட்டை என்பது பொருள். சுற்றுச் சுவர்களின் மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் பெரும் பறவைகள் அரபுக் கதைகளில் வரும் ரோக் பறவைகள், இந்த இடத்தின் காவலர்கள். முட்டை, விதை, பிறப்புறுப்பு, பாம்பு, ஆமை, கழுத்து நீண்ட பறவை என்ற இந்தச் சில உருவங்கள்தான் வளாகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இனப்பெருக்கம்தான் உயிருக்கு வாய்த்த ஒரே நிலைபேறு என்பது பிரெனான்டின் மையக் கருத்து. அதைக் கைப்பற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் வழிக்கு வந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது, ஆண்குறி வடிவமும் பெண்குறி வடிவமும் இங்கே மறைவாக அல்ல, ஆளுயரத்தில் நிற்கும். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து வருகிறார்கள்தான். பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருங்கள், அவ்வளவே.

தோட்டச் சதுக்கம் ரொபெர்டோ பூர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. பிரேசில் மண்ணின் சொந்தச் செடிகொடிகளுக்குத் தோட்டக் கலையில் இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். அவருடைய ஆரம்பகாலப் பொதுத் தோட்டங்களே 1930-களில் ரெசிஃபியில்தான் அமைந்தன. இந்தத் தோட்டத்தைச் சிற்பங்களுக்குப் பின்னணி என்று கடந்து போகாதீர்கள். நீர்ப்பரப்பும் பனை வகைகளும் சுட்ட மண்ணின் கனத்தை எப்படிக் குறைக்கின்றன என்று தள்ளி நின்று பாருங்கள். வளாகத்தைச் சூழ்ந்திருப்பது அட்லாண்டிக் மழைக்காட்டின் எச்சம். கடற்கரை நெடுகக் கரும்புக்காக அழிக்கப்பட்ட காட்டில் மிஞ்சிய துண்டுகளில் ஒன்று.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். சிற்பக் கூடம் பழைய ஆலையின் உடல். செங்கல் தூண்களும் ஆலையின் சூளைகளும் அங்கேயே இருக்க, நடுவே நூற்றுக்கணக்கான உருவங்கள். பலர் இங்கே ஐந்து நிமிடத்தில் களைத்துவிடுகிறார்கள், எதைப் பார்ப்பது என்று தெரியாததால். ஒவ்வொன்றாகப் பெயர்ப்பலகை படிக்காதீர்கள். ஏழெட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, இணைப்புக் கோடு. ஆளுயரத் தூணை ஒரே துண்டாகச் சுடுவது எளிதல்ல. ஈரக் களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். உயர் வெப்பத்தில் சுடும் மண்ணில் இந்தச் சுருக்கம் மொத்தத்தில் பத்து விழுக்காட்டை எட்டும். அடிப்பகுதி தரையோடு ஒட்டி நிற்க, மேற்பகுதி முந்திக் காய்ந்து இழுத்தால் நடுவில் விரிசல் விழும். அதனால் பெரிய உருவங்களை உள்ளீடற்ற குழல்களாகச் செய்து, பகுதி பகுதியாகச் சுட்டு, பிறகு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். உருவத்தின் இடுப்பு, கழுத்து, வளையம் போன்ற இடங்களில் அந்தக் கோட்டைத் தேடுங்கள். நல்ல சிற்பி இணைப்பை மறைப்பதில்லை, அதையே உருவத்தின் அங்கமாக்கிவிடுவார். இங்கே தூண் வடிவங்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது, மண்ணின் உடம்பு. எங்காவது மெருகு படாத அடிவிளிம்பு கண்ணில் பட்டால் குனிந்து பாருங்கள். வழவழப்பாக இல்லாமல் சொரசொரப்பாக, குறுமணல் தெரியும்படி இருந்தால் அது கலவையில் சேர்த்த சுட்ட மண் தூள். ஏற்கனவே சுட்டு அரைத்த தூள் மறுபடி சுருங்காது, ஈரம் வெளியேறவும் வழிவிடும். தடித்த சுவருள்ள பெரிய உருவங்களை வெடிக்காமல் காப்பது இதுதான். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் உருவத்தைச் சூளையில் அவசரமாகச் சூடேற்றினால் நூறு டிகிரியைத் தாண்டும்போது நீராவி அதை உடைத்துவிடும். பிறகு 573 டிகிரியில் இன்னொரு கண்டம். மண்ணில் உள்ள குவார்ட்ஸ் படிகம் அந்த வெப்பத்தில் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். தடித்த உருவத்தில் வெளிப்பக்கம் அந்த வெப்பத்தைக் கடந்திருக்க, உள்பக்கம் கடந்திராது. அங்கேதான் தலைமுடி போன்ற விரிசல் பிறக்கிறது. இதனால்தான் பெரிய வேலைகளுக்குச் சூளையை ஏற்றுவதைவிட ஆற்றுவதற்கு அதிகப் பொறுமை தேவைப்படுகிறது. சூளை வாயிலைச் சீக்கிரம் திறந்து, பல வார உழைப்பை இழந்த கதை எல்லா நாட்டுப் பட்டறையிலும் உண்டு.

மூன்றாவது, தோல். பிரெனான்டின் உருவங்கள் ஏன் இத்தனை பழமையாக, நிலத்திலிருந்து தோண்டி எடுத்தவை போலத் தோன்றுகின்றன? ஒரே உருவத்தைப் பலமுறை சூளைக்கு அனுப்புவது அவர் முறை. மெருகு என்பது உருகி மண்ணோடு ஒட்டும் கண்ணாடி. அதில் இரும்பு ஆக்சைடு கலந்தால் தேன் நிறம் முதல் கருப்பு வரை, கோபால்ட் கலந்தால் நீலம், செம்பு கலந்தால் பச்சை. ஒரு முறை சுட்டதன் மேல் இன்னொரு பூச்சிட்டுத் திரும்பச் சுட்டால், கீழுள்ள பூச்சு மறுபடி இளகி மேலுள்ளதோடு கலக்கும், வழியும், சில இடத்தில் கொப்புளமிட்டு அமிழும். அந்தக் கலப்பை முழுவதும் கட்டுப்படுத்த யாராலும் முடியாது. நெருப்புக்கு ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, வந்த விளைவைப் பார்த்து அடுத்த பூச்சை முடிவு செய்வதுதான் இந்த முறையின் சாரம். உருவத்தின் மேடுகளில் மெருகு மெலிந்து பழுப்பாகவும், பள்ளங்களில் தேங்கிக் கருமையாகவும் இருப்பதைப் பாருங்கள். ஜோன் ஆஃப் ஆர்க் போன்ற வரலாற்றுப் பெண்களின் உருவங்களில் முகத்தின் சோகத்தில் பெரும்பங்கு இந்தத் தேக்கத்தால்தான் வருகிறது. மேலே வலைபோல் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது உடைசல் அல்ல. மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்கியதால் வந்தது.

இவ்வளவு செராமிக் திறந்த வெளியில் நின்றும் எப்படித் தாங்குகிறது என்று கேட்பவர்களுக்கு: 1200 டிகிரிக்கு மேல் சுட்ட மண்ணில் துளைகள் பெருமளவு அடைபட்டுவிடும், நீரை அதிகம் உறிஞ்சாது. அதோடு, குளிர் நாடுகளில் வெளியில் வைத்த செராமிக்கைக் கொல்வது மழையல்ல, உறைபனி. துளைக்குள் புகுந்த நீர் பனியாகி விரிந்து மண்ணைப் பிளக்கும். ரெசிஃபியில் அந்த ஆபத்தே இல்லை. பாசி மட்டும் படியும். அது இந்த உருவங்களுக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

ஓடுகளையும் தரையையும் விட்டுவிடாதீர்கள். ஆலை ஓடு செய்ததில் தொடங்கியது, சிற்பியும் ஓடு செய்வதை விடவில்லை. பல இடங்களில் வில்லும் அம்பும் கொண்ட ஒரு குறி தென்படும். ஆப்பிரிக்க வழி வந்த பிரேசில் சமயங்களில் வேட்டைத் தெய்வமான ஒஷொசியின் சின்னம் அது, பிரெனான்ட் தம் பட்டறையின் முத்திரையாக எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் மயாமியில் 1963-இல் எழுந்த பக்கார்டி கட்டடத்தின் இரு பக்கச் சுவர்களிலும் உள்ள நீல வெள்ளைச் சுவரோவியம் இவருடையதே, சுமார் 28,000 ஓடுகள்.

'அக்காதேமியா' என்ற பகுதியில் ஓவியங்களும் கோட்டோவியங்களும் இருக்கின்றன. நேரம் குறைந்தால் இதைச் சுருக்கிக்கொள்ளலாம், மண்ணில் இருக்கும் பலம் ஓவியத் துணியில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் பழைய இடிபாட்டுக்குள் அமைந்த அமலோற்பவ மாதா சிற்றாலயத்தைத் தவறவிடாதீர்கள். 2006-இல் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பெற்ற பாவ்லோ மென்டெஸ் ட ரோஷா வடிவமைத்தது. 19-ஆம் நூற்றாண்டு வீட்டின் சுவர்களைப் பூசி மெழுகிப் புதிதாக்காமல், அந்தச் செங்கல் சுவர்களுக்குள் கான்கிரீட்டைக் கொண்டுவந்த விதம் கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தனிப் பாடம்.

மீதி நேரத்தில் என்ன சேர்க்கலாம்? ரிக்கார்டோவின் அருங்காட்சியகம் பொதுவாகப் பிற்பகலில்தான் திறக்கும் என்பதால் காலையில் பட்டறை, பிறகு அங்கே என்று இணைப்பார்கள். ஒரே வண்டியில் முடிவது உண்மைதான். இருந்தாலும் இந்தக் கூடத்தைப் பார்த்த கண்ணோடு உடனே வாள்களையும் கவசங்களையும் பார்க்கப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, மறுநாள் காலை பழைய ரெசிஃபியின் மார்க்கோ ஸேரோ சதுக்கத்துக்குப் போங்கள். எதிரே கடல் தடுப்புப் பாறைமேல் 2000-இல் திறந்த பிரெனான்டின் சிற்பப் பூங்கா இருக்கிறது. நடுவில் 32 மீட்டர் உயரத் தூண். சதுக்கத்திலிருந்து சிறு படகில் சில நிமிடத்தில் கடந்துவிடலாம். திரும்பும் படகை உறுதி செய்துகொண்டே இறங்குங்கள், அங்கே நிழலும் கிடையாது. உலோகத்துக்காகச் சிற்பங்கள் திருடுபோன இடம் அது. நகர நடுவில் ஃப்ளோரெஸ் தெருவில், டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குவராராபெஸ் போர்களைப் பற்றி 1961-62-இல் அவர் செய்த பெரிய ஓட்டுச் சுவரோவியமும் நடந்துபோய்ப் பார்க்கக்கூடியதே. பகலில் போங்கள்.

பட்டறைக் கடையில் ஓடோ சிறு கிண்ணமோ வாங்கினால், விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். ஓடுகளை மெருகுப் பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவில் துணியோ நுரைத்தாளோ வைத்து, பெட்டியில் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்குங்கள். படுத்த ஓட்டின் நடுவில் எடை விழுந்தால் உடையும், நிற்கும் ஓடு தாங்கும். கனம் கூடுவதால் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் கைப்பெட்டியில்.

கடைசியாக, இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மறக்கக்கூடாத ஒன்று. பிரேசிலுக்கு இந்தியர்களுக்கு விசா தேவை. அதைவிடப் பலரைத் திரும்பும்போது சிக்க வைப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். பிரேசிலிலிருந்து இந்தியா வருகிறவர்களிடம் அது இல்லையென்றால் விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், அதன் பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுகிறார்கள், முன்பதிவு வேண்டும், எல்லா நாளும் கிடையாது. பயணச் சீட்டு எடுத்த வாரமே இதை முடித்துவிடுங்கள். மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் போட்டு சரக்கில் அனுப்பிவிடாதீர்கள்.